மக்காத சட்டிக்குச் சாட்சி சொன்ன கை

அப்பு,

மக்காத சட்டியை மக்கும் என்று அச்சடித்து விற்றாய். அதற்குச் சாட்சியாக என் கையைப் படம் பிடித்துப் போட்டாய். நீ செய்த தவறு இதுதான். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க இந்த முறை மனம் வரவில்லை. உன் கல்யாணத்துக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தாம்பூலப் பைக்குப் பதிலாக அந்தச் சட்டியில் ஒரு கன்று வைத்துக் கொடுத்தோம். சட்டியோடு அப்படியே குழியில் வைத்து மண்ணைத் தள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தோம். ரெண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. சட்டி வைத்தபடி இருக்கிறது. மக்கிப் போனது கன்றுதான்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் எழுதியதல்ல. காரைக்குடியில் நகல் எடுத்து, உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுக்கப் போகிறேன். உன் அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. "வீட்டுச் சண்டைய நோட்டீஸ் அடிச்சு விடுறீகளே, பெத்த புள்ளைய ஊரு முன்னால நிறுத்தி என்னத்தக் காணப் போறீக?" என்று ரெண்டு நாளாகச் சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள். வீட்டுக்குள் சொன்ன பொய்யாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே பேசி முடித்திருப்பேன். மண்டபத்து வாசலில் நின்று ஊருக்கே சொன்னோம். ஊருக்கே சொல்லித்தான் திரும்ப வாங்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் இதில் எழுதுகிறேன். படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும்.

நான் எட்டாவதோடு நின்றவன். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் பதினேழு வருஷம் உமி அள்ளினேன். பாய்லருக்குப் போனது போக மிச்ச உமி ஆலைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும். காற்றடித்தால் ரோட்டில் போகிறவன் கண்ணில் விழும். நெருப்பு வைத்தால் மூன்று நாளைக்குப் புகையும். "இத எவனாச்சும் சும்மா அள்ளிட்டுப் போனா அவன் குடும்பம் நல்லா இருக்கும்" என்பார் எங்கள் மேஸ்திரி. அவர் வாக்கை நம்பித்தான் அள்ளினேன். மதுரையில் ஒரு பழைய பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினை வாங்கி வந்து, ஆலைக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டேன். உமியை மாவாக அரைத்துப் பிளாஸ்டிக்கில் கலக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மண்சுவர் வைக்கும்போது வைக்கோலை வெட்டிப் போட்டு மிதிக்கிறோம். சுவர் வெடிக்காமல் பிடித்து நிறுத்துவது அந்த வைக்கோல்தான். பிளாஸ்டிக் மட்டும் என்ன, அதுவும் ஒரு சேறுதானே என்று நினைத்தேன். நினைத்தது சரியாகவே இருந்தது. உமி சேர்ந்தால் பொருள் விறைப்பாக நிற்கும், வெயிலில் வளையாது, பிளாஸ்டிக்கும் அந்த அளவுக்கு மிச்சம்.

ஆனால் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆயின. உமி பார்க்கத்தான் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் வைத்திருக்கும். அந்த ஈரம் மெஷினுக்குள் ஆவியாகிப் பொருளுக்குள் குமிழி விடும். வெளியே பார்த்தால் வழவழப்பு, உள்ளே பொரி. சூடு கொஞ்சம் கூடினால் அடிப்பிடித்த சோற்று நாற்றம் வந்து எல்லாம் கருத்துவிடும். உமியில் மணல் மாதிரி ஒரு சத்து இருக்கிறது, அது மெஷினின் இரும்பு ஸ்க்ரூவையே தேய்த்துத் தின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்டிக்குக்கு எண்ணெய்க் குணம், உமிக்குத் தண்ணீர்க் குணம். ரெண்டும் தாமாக ஒட்டாது. நடுவில் ஒட்டுப்பொருள் ஒன்று கொஞ்சம் போட வேண்டும். அதை எனக்குச் சொன்னவன் நீ. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது லீவில் வந்து, உடைந்த வாளித் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அப்பா, உமி தனியா உருவிக்கிட்டு வருது பாருங்க, பிளாஸ்டிக் அதைப் பிடிக்கவே இல்லை" என்றாய். நான் ஆறு வருஷம் பார்த்தும் காணாததை நீ ஒரு நொடியில் கண்டாய். அன்று எனக்கு இருந்த பெருமையை இன்றும் மறுக்க மாட்டேன். அந்தக் கண் இப்போது எங்கே போயிற்று என்பதுதான் என் வருத்தம்.

என் வலது கை ஆள்காட்டி விரலில் முதல் கணு கிடையாது. உமி அரைக்கும் மெஷின் அடைத்துக்கொண்டபோது, மூடியைக் கழற்றி, ஓடவிட்டபடியே தோண்டினேன். "நிறுத்திட்டு எடுங்க" என்று உன் அம்மா கத்தினாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே நிறுத்தவில்லை. அன்றிலிருந்து சுற்றுப்பட்டில் எனக்கு மொட்டவெரலு என்று பெயர். என் முகம் தெரியாதவனுக்கும் இந்தக் கை தெரியும். நீ அதைத் தெரிந்துதான் எடுத்தாய்.

சட்டி என் யோசனை. நாற்றுப் பண்ணைகளில் கறுப்பு பாலித்தீன் பையில் கன்று வளர்க்கிறார்கள். நடும்போது கிழித்து எறிகிறார்கள், அது வேலியெல்லாம் தொங்குகிறது. பத்துப் பங்கில் நாலு பங்கு உமி போட்டு ஒரு கெட்டிச் சட்டி செய்வோம், கன்றை எடுத்து நட்டுவிட்டுச் சட்டியைப் பண்ணைக்கே திருப்பிக் கொடுக்கட்டும், ஒரு சட்டி பல வருஷம் உழைக்கும் என்று சொன்னேன். நீ சிரித்தாய். "திருப்பிக் குடுக்குற சட்டிய எவன்ப்பா ரெண்டாந்தரம் வாங்குவான்? மண்ணோட போகணும். அப்பத்தான் வருஷா வருஷம் வாங்குவான்." விளையாட்டாகச் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் விளையாட்டாகச் சொல்வதைத்தான் பெற்றவர்கள் முதலில் கவனிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மண்ணில் கிடந்தால் சட்டி என்ன ஆகும் என்று பார்க்க, கொட்டகைக்குப் பின்னால் கண்மாய்க் கரையில் ஆறு சட்டிகளைப் புதைத்தேன். வருஷத்துக்கு ஒன்றாகத் தோண்டி எடுத்தேன். மூன்றாவது சட்டியைத் தோண்டிய அன்று நீ ஊரில் இருந்தாய். மேல் தோலில் இருந்த உமியைக் கரையான் அரித்திருந்தது. வெளுத்து, சொரசொரப்பாக இருந்தது. "மண்ணைத் தட்டாதீங்கப்பா, அப்படியே கையில பிடிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தாய். நானும் பிடித்தேன். அந்தப் படத்தில் சட்டியின் விளிம்பு கடித்த மாதிரி இருக்கும். பார்க்கிறவன் மண் தின்றது என்று நினைப்பான். மண் தின்னவில்லை. என் மண்வெட்டி பட்டுப் பெயர்ந்தது. அது உனக்கும் தெரியும், பக்கத்தில்தான் நின்றாய். படம் எடுத்த பிறகு சட்டியைக் கழுவி, அடி ஓட்டையை மெழுகால் அடைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதை நீ படம் எடுக்கவில்லை. இன்றைக்கும் நம் வீட்டுக் கோழிகள் தண்ணீர் குடிப்பது அந்தச் சட்டியில்தான்.

அடுத்து உன் கல்யாண நாள். இதில் என் பங்கையும் மறைக்காமல் எழுதுகிறேன். நான் செய்துகொடுத்த சட்டிகளுக்கு லேபிள் ஒட்டி விற்பது உன் பொறுப்பாக இருந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால் பெட்டிகளைப் பிரித்தபோதுதான் லேபிளைப் பார்த்தேன். பச்சை எழுத்தில் "மண்ணோடு மண்ணாக மக்கும் உமிச்சட்டி. சட்டியோடு நடுங்கள்." கீழே என் கை. மணவறைக்குப் பின்னால் உன்னைக் கூப்பிட்டேன். நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலையோடு வந்தாய்.

"என்னடா இது?"

"உங்க கைதான்ப்பா. எப்படி இருக்கு?"

"மக்கும்னு போட்டிருக்கு."

"உமி மக்குமில்ல?"

"உமி மக்கும். மிச்ச ஆறு பங்கு?"

"அப்பா, ஐயர் கூப்பிடுறாரு. தாலி கட்டப் போறவன நிறுத்திக் கெமிஸ்ட்ரி எடுக்குறீகளே."

நீ போய்விட்டாய். நான் அந்தப் பெட்டிகளை மூடி ஓர் அறையில் போட்டுப் பூட்டியிருக்கலாம். வெறும் தேங்காயும் வெற்றிலையும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். மெஷினை நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாத பிடிவாதம் எனக்கு உண்டு. நிறுத்த வேண்டிய இடத்தில் அந்தப் பிடிவாதம் வரவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்கிறேன். ஊர் கூடி அந்தக் கையைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. "மொட்டவெரலு கையில்ல இது! சட்டியில ஏறிட்டியேய்யா!" என்று வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உமி அள்ளுகிறவன் என்று சொன்ன வாய்களெல்லாம் அன்று அய்யா என்று கூப்பிட்டன. அதில் கிறங்கி நின்றேன்.

வலையபட்டியிலிருந்து ஒரு வயசாளி வந்திருந்தார், என் தங்கை வயலுக்கு அடுத்த வயல்காரர். சட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, சட்டியோட நட்டா சட்டி முளைச்சிராதே?" என்றார். "முளைச்சு காய்ச்சா எனக்கு ரெண்டு சட்டி குடுத்துவிடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டார். "வெளையாட்டு இல்லய்யா. இது மக்கலேன்னா வேரு எங்குட்டுப் போகும்?" வாழ்நாளெல்லாம் மண்ணைக் கிண்டியவர் கேட்ட கேள்வி. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் வலது கையைத் தூக்கி லேபிளுக்குப் பக்கத்தில் வைத்து, "இந்தக் கை பொய் சொல்லுமா?" என்றேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பொய்யை நீ அச்சடித்தாய், நான் வாயால் சொன்னேன். எது பெரிது என்று நீ கேட்கலாம். ஆனால் சின்னது எது என்று தேடிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கவில்லை.

மிச்சமான நாற்பது கொய்யாக் கன்றுகளை உன் அத்தை வலையபட்டிக்கு எடுத்துப் போனாள். கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தைக் கன்றுக்கு விட்டாள். கணவன் இல்லாத பொம்பளை, இனிமேல் குனிந்து கடலை பறிக்க முதுகு ஒத்துக்கொள்ளாது, நின்றபடி பழம் பறித்து விற்றுக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். முதல் கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஒவ்வொரு கன்றுக்கும் ஊற்றினாள். கன்றுகள் ஓரடி வளர்ந்து நின்றன. அப்படியே நின்றன. இலை மஞ்சளித்தது. எரு போதவில்லை என்று எரு போட்டாள். பூச்சி என்று வேப்பம் புண்ணாக்கு கரைத்து ஊற்றினாள். சட்டியைச் சந்தேகப்படவே இல்லை.

போன மாதம் போன் செய்தாள். "அண்ணே, கொய்யாதான் காய்க்கல. ஒன் சட்டி நல்லாக் காய்ச்சிருக்கு. வந்து பறிச்சிட்டுப் போ."

போனேன். செம்மண்ணில் நாற்பது குழி. ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன். அலமாரியிலிருந்து எடுக்கிற மாதிரி சட்டியோடு கையில் வந்தது. சட்டிக்குள் வேர் சுற்றிச் சுற்றிக் கொண்டை போட்டிருந்தது. அடி ஓட்டை வழியாக ரெண்டு நூல் வேர் வெளியே போய்க் கருகியிருந்தது. தன்னைச் சுற்றியே ரெண்டு வருஷம் நடந்த வேர், அப்பு. முப்பத்தொன்று செத்துவிட்டன. ஒன்பது உயிரோடு இருக்கின்றன. நடும்போது கடப்பாரை பட்டுச் சட்டி விரிசல் விட்ட ஒன்பது. கவனக்குறைவாக நட்டது பிழைத்தது. நாம் சொன்னபடி பத்திரமாக நட்டது செத்தது. உன் அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சட்டிகளைக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தாள். "ஒனக்கு ஒதவும். புதுசு மாதிரியே இருக்கு" என்றாள். பஸ் ஏறும்போது மட்டும் ஒரு சொல் சொன்னாள். "அவன் மட்டும் சொல்லியிருந்தா ஒரு கன்ன வச்சுப் பாத்திருப்பேன்ணே. நீ சொன்னதாலதான் நாப்பதையும் வச்சேன்." அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

உனக்குப் போன் செய்தேன். "அத்தைக்கு வேற கன்னு வாங்கிக் குடுத்துரலாம்ப்பா, எத்தனை?" என்றாய். கன்றைப் பற்றிய பேச்சே இல்லை இது என்றேன். "பின்ன என்ன? எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க. 'மக்கும் பொருள் அடங்கியது'ன்னு கீழ சின்ன எழுத்துல சரியாத்தான் போட்டிருக்கேன், பாருங்க." பார்த்தேன். இருக்கிறது. லேபிளில் என் மணிக்கட்டுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில். சோற்றில் கல் கிடக்கிறது என்று இலையின் நுனியில் எழுதி வைப்பவனை நீ நல்லவன் என்பாயா? பிறகு பேச்சோடு பேச்சாக அடுத்த சங்கதியைச் சொன்னாய். ஒரு பெரிய அறக்கட்டளை ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த ஜில்லா முழுக்க ரோட்டோரங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் கன்று நடப் போகிறது, சட்டி முழுதும் உன்னுடையது, கொட்டகை மெஷினில் ரெண்டு ஷிப்ட் ஓட்ட ஆள் அனுப்புகிறேன் என்றாய். உன் அத்தை வயல் நாற்பது குழி. இது எத்தனை ஊர்க் கண்மாய்? அங்கே நின்று தோண்டிப் பார்க்க எந்த அத்தை இருக்கிறாள்? மேல் தோல் உமியைக் கரையான் தின்னும், மிச்சம் பத்து இருபது வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். முழுப் பிளாஸ்டிக் என்றால் பொறுக்கியாவது எடுக்கலாம். உமி கலந்து நான் கண்டுபிடித்தது பொறுக்கவும் முடியாத குப்பையாகப் போகிறது.

மறுநாளே சட்டியை வார்க்கும் இரும்பு அச்சை மெஷினிலிருந்து கழற்றினேன். சங்கிலி போட்டு இறக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்து, அதை ஒட்டிக் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறேன். உன் அம்மா அதில் ரெண்டு தரம் கால் விரலை இடித்துக்கொண்டாள். "இரும்பப் பக்கத்துல வச்சுப் படுத்தா பேய் அண்டாதும்பாக. நீங்க படுத்திருக்குறப்ப எந்தப் பேய் வரப் போகுது" என்கிறாள். நீ அனுப்பிய ஆள் வந்து வெறும் மெஷினைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். "அச்சக் குடுங்கப்பா, என் பேரே போயிரும்" என்று போனில் கெஞ்சினாய். பேர் எப்போது போயிற்று என்று நீ நினைக்கிறாய்?

நீ இப்படிப் பேச எங்கே கற்றாய் என்று யோசித்தேன். தேடிப் போனால் என் கொட்டகை வாசலுக்கே வந்து நிற்கிறேன். சட்டிக்கு முன்னால் நான் ஸ்டூல் செய்தேன். கருப்பையா என்ற சமையல்காரர் பத்து ஸ்டூல் வாங்கினார். ஒரு விசேஷ வீட்டில் காய் நறுக்க உட்கார்ந்தவருக்கு ஸ்டூல் கால் முறிந்தது, அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அவர் மச்சினன் உடைந்த காலைக் கொண்டுவந்து நியாயம் கேட்டார். நான் கொட்டகை வாசலில் நின்று, "அவரு கனத்துக்கு ஆனை கட்டுற கல்லுத்தான் தாங்கும், ஸ்டூலு தாங்குமா?" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மச்சினன் அந்த ஸ்டூல் காலை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். முறிந்த இடத்தைப் பார்த்தேன், உள்ளே பொரி பொரியாகக் குமிழி. அந்த வாரம் மழை. உமியைக் காயவைக்காமல் ஓட்டியிருந்தேன். அந்தக் காலை நொறுக்கி, அரைத்து, அடுத்த ஸ்டூலில் கலந்துவிட்டேன். மெஷினைப் போட்டவன் நீ. எதை அரைக்கிறோம் என்று நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சொல்லாமலே கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

கருப்பையா அதன் பிறகு கரண்டி பிடிக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்து நம் வாசல் வழியாகத்தான் கடைக்குப் போவார். என்னைப் பார்த்தால் ஒரு கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். பன்னிரண்டு வருஷம் இப்படியே. போன தை மாதம் இறந்துபோனார். கேதத்துக்குப் போனேன். "வாங்கண்ணே" என்று அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அவரிடம் சொல்ல இனி வழியில்லை.

இதை எழுதுவதால் உன் பாரம் குறையும் என்று நினைக்காதே. அப்பா செய்தார், நானும் செய்தேன் என்று நீ சொல்வதை நான் ஏற்க மாட்டேன். என்னால் ஓர் ஆளுக்கு இடுப்பு போயிற்று, அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். உன்னால் வேர்கள் போயின, அதற்கு நீ சொல்ல வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது. உன் மனைவி போன பொங்கலுக்கு என்னிடம் தனியாக வந்து, "மாமா, பால்கனியில நம்ம சட்டி ஒண்ணு மண்ணுக்குள்ள வச்சேன், அப்படியே இருக்கே, நெஜமாவே மக்குமா?" என்று கேட்டாள். "உன் புருஷன்கிட்டக் கேளும்மா" என்று நழுவினேன். கேட்டாளா என்று தெரியாது. கேட்டிருந்தால் நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும்.

அச்சைத் திருப்பித் தரவே மாட்டேன் என்று சொல்லவில்லை. உமிச்சட்டி நல்ல சட்டி. நான் சொன்ன விதத்தில் பயன்படுத்தினால் ஊருக்கு உபகாரம். ஆனால் பழைய அச்சு இனி இல்லை. மதுரைக்கு எடுத்துப் போய் அதில் எழுத்து வெட்டிவிட்டேன். லேபிளைக் கிழிக்கலாம், மாற்றி ஒட்டலாம். அச்சில் வெட்டியது ஒவ்வொரு சட்டியின் உடம்பிலும் விழும். அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும் என்பதால் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சரிபார்த்தேன். "இது மக்காது. சட்டியை எடுத்துவிட்டு நடவும்." இவ்வளவுதான். வெட்டிக் கொடுத்தவர், "அய்யா, தன் சரக்கத் தானே மக்காதுன்னு எழுதி விக்கிற மொத ஆளு நீங்கதான்" என்றார்.

இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன். இதில் பேரம் கிடையாது.

அந்த அறக்கட்டளைக்கு நீ எழுதிக் கொடுக்க வேண்டும், போனில் சொன்னால் போதாது. சட்டி மக்காது, எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும், சட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்று உன் கையெழுத்தோடு, ஐப்பசி பிறப்பதற்கு முன்னால். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். என் கையின் படத்தை எங்கெல்லாம் போட்டாயோ அங்கிருந்தெல்லாம் நீயே எடுக்க வேண்டும்.

உன் அம்மாவிடம் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் பேர் எழுதிய நோட்டு இருக்கிறது. அவள் ஒரு வீடு விடாமல் போன் செய்து, கன்று எங்கே நட்டீர்கள் என்று கேட்டுக் குறிக்க வேண்டும். நகல் கொடுப்பதற்குச் சம்மதிக்காதவள் இதற்குச் சம்மதித்திருக்கிறாள். நேற்றே நோட்டைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் படிக்கிற வீட்டுக்காரர்கள் கன்றைப் பிடித்து இழுக்க வேண்டாம். உயிரோடு இருந்தால் சுற்றிலும் மண்ணைப் பறித்து, சட்டியை நாலு பக்கமும் சிறு ரம்பத்தால் மேலிருந்து கீழாகக் கீறி, துண்டு துண்டாக உருவுங்கள். சுருண்ட வேரை விரலால் பிரித்துவிட்டு மண்ணைத் தள்ளுங்கள். துண்டுகளை எரிக்காமல் வையுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து கீறித் தருகிறேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது, உமித் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. வீட்டுக்கு ஒரு நாள் ஆனாலும் வருவேன்.

வலையபட்டிக்கு நீ உன் மனைவியோடு வர வேண்டும். முப்பத்தொரு குழியையும் நீ வெட்ட வேண்டும், ஆள் வைத்து அல்ல. புதுக் கன்றை உன் கையால் வைத்து, முதல் கோடை முடியும் வரை மாதம் ஒரு முறை வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். கணவனிடம் கேட்கச் சொல்லி நான் திருப்பி அனுப்பிய கேள்விக்கு, அந்த வயலில் நின்று உன் மனைவிக்கு நீ பதில் சொல்ல வேண்டும். அடுத்த வயல் வயசாளியிடம் சொல்வது என் வேலை. அவர் கேட்டது என்னைத்தான்.

கடைசியாக ஒன்று இருக்கிறது, அதுவும் என் வேலைதான். கருப்பையா வீட்டுக்கு நான் போக வேண்டும். ஸ்டூல் முறிந்தது அவர் கனத்தால் அல்ல, நான் உமியைக் காயவைக்காததால் என்று அவர் மனைவியிடமும் மச்சினனிடமும் சொல்ல வேண்டும். உடைந்த காலை அரைத்ததையும் சொல்ல வேண்டும். அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்க வேண்டும். அதை முடித்துவிட்டு வரும் வழியில்தான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன். ஆகவே இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், நான் போய்விட்டு வந்துவிட்டேன் என்று தெரிந்துகொள். இனி உன் முறை.

அப்பா